அஞ்சு இருபத்தெட்டு

அல்போன்சஸ் கெரீன் என்பது பாதிரியார் தலையில் தண்ணீர் ஊற்றி வைத்த பெயர். வீட்டில் ஃபான்ஸ். ஊர் வைத்த பெயர் அஞ்சு இருபத்தெட்டு. கிழக்குக் கோடித் தீவில் இருக்கிற எங்கள் ஃபாலோ கோவ் ஊரில் பட்டப்பெயர் இல்லாத ஆள் பாதிரியார் ஒருவர்தான் என்பார்கள். அவருக்கும் ஒன்று இருக்கிறது, அவர் காதுக்குத்தான் இன்னும் போகவில்லை.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஃபான்ஸ் வேலை பார்த்த நண்டுப் படகை முதலாளி விற்றுவிட்டார். கரையில் வேறு வேலை கிடையாது. ஊர் ஆம்பளைகளில் பாதிப் பேர் போன வழியில் ஃபான்ஸும் கிளம்பினார்: மேற்கே ஆல்பர்ட்டா, மண்ணைப் பிழிந்து எண்ணெய் எடுக்கிற இடம், சாரம் கட்டுகிற வேலை. இருபது நாள் அங்கே, எட்டு நாள் இங்கே. போக வர விமான டிக்கெட் கம்பெனி தரும். வீட்டுக்காரி பிரைட் மூன்று நாள் பேசவில்லை. நாலாவது நாள் ஃபான்ஸ் நூலகத்துக்குப் போய், அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டரில், ஊருக்கும் ஊருக்கும் விமான தூரம் சொல்கிற இணையப் பக்கம் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒரு கட்டத்தில் வேலை இடமான ஃபோர்ட் மெக்மரி, இன்னொரு கட்டத்தில் எங்களுக்குப் பக்கத்து விமான நிலையமான செயின்ட் ஜான்ஸ். தட்டியதும் கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் வந்தது. 3,984 கிலோமீட்டர். பயண நேரம் 5 மணி 28 நிமிடம்.

அதை அச்செடுத்து வந்து ஃப்ரிட்ஜ் கதவில், மீன் வடிவக் காந்தத்துக்கு அடியில் ஒட்டினார். எப்போது கூப்பிட்டாலும் அஞ்சு மணி இருபத்தெட்டு நிமிஷத்தில் வாசலில் வந்து நிற்பேன் என்று சத்தியம் பண்ணினார். பிரைட் தாளைப் படித்துவிட்டு, மாவு பிசைந்து பொங்க வைத்து ரொட்டி சுட்டு ஆற வைக்கவே அஞ்சு மணி நேரம் ஆகிறது, அப்படியென்றால் நீ ஒரு ரொட்டி தூரம் என்றார். அதோடு சமாதானம் ஆயிற்று.

அந்தப் பக்கத்தைப் பொய் என்று சொல்ல முடியாது. காக்கா ஒன்று மெக்மரியில் கிளம்பி, எங்கும் உட்காராமல், யார் வீட்டு ஜன்னலையும் எட்டிப் பார்க்காமல் நேராகப் பறந்தால் அதுதான் கணக்கு. ஃபான்ஸ் காக்கா இல்லை. அவர் மெக்மரியிலிருந்து கால்கரி, கால்கரியிலிருந்து டொராண்டோ, டொராண்டோவிலிருந்து செயின்ட் ஜான்ஸ், அங்கிருந்து காரில் தெற்கே ஒரு மணி நேரம். பதினாலு வருஷத்தில் மிகச் சீக்கிரம் வந்தது பதிமூன்று மணி நேரத்தில். மிகத் தாமதம் அறுபத்தொன்று. அம்மாவின் அடக்கத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது ஊர் ஹாலில் சாண்ட்விச் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மகள் மோனா பள்ளி முடித்த விழாவை டொராண்டோ விமான நிலையத் தரையில் உட்கார்ந்து போனில் பார்த்தார். தலைமையாசிரியர் வாயைத் திறந்தபடி படம் உறைந்தது. மோனா மேடையேறி இறங்கி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுக்கும் வரைக்கும் அந்த வாய் மூடவில்லை.

வீட்டுக்கு என்று கொடுக்கிற எட்டு நாளில் இரண்டு நாள் ஆகாயத்துக்கு. ஒரு நாள் தூக்கத்துக்கு. கடைசி நாள் பெட்டி கட்ட, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள. மீதி நாலு நாள்தான் குடும்பம். கேம்ப் அறை எட்டடிக்குப் பத்தடி, ஜன்னலைத் திறக்க முடியாது, பக்கத்து அறைக்காரன் கொட்டாவி விட்டால் இவருக்கும் வரும். ஜெயில் மாதிரியா என்று ஊரில் யாராவது கேட்டால், சேச்சே, ஜெயிலில் நன்னடத்தைக்கு முன்கூட்டியே விடுவார்கள் என்பார் ஃபான்ஸ்.

ஒன்றை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கைக்கடிகாரம். அதில் எப்போதும் எங்கள் ஊர் மணிதான். எங்கள் தீவு மணி விஷயத்தில் கூட மற்றவர்களோடு ஒத்துப்போகாது. மற்ற இடங்களுக்கு நடுவே முழுசு முழுசாக மணி வித்தியாசம் இருக்கும், எங்களுக்கு மட்டும் கூடவே ஒரு அரை மணி ஒட்டிக்கொண்டிருக்கும். ஆல்பர்ட்டாவைவிட மூன்றரை மணி முன்னால், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஹாலிஃபாக்ஸைவிட அரை மணி முன்னால். சாரத்தின் உச்சியில், கண் இமையில் பனி உறைய நிற்கும்போதுகூட ஃபான்ஸ் கையுறையை விலக்கிப் பார்ப்பார்: இப்போது பிரைட் விளக்கை அணைத்திருப்பாள். கூட வேலை பார்த்தவர்கள் கேலி பண்ணாத நாளில்லை. இவர் காலைச் சாப்பாட்டுக்கு வரும்போதே மத்தியானத் தூக்கத்துக்கு நேரமாச்சா என்று கேட்பார்கள். பதினாலு வருஷத்தில் ஒருநாள்கூட அந்த அரை மணியில் அவர் தப்பு பண்ணியதில்லை.

இந்த வருஷம் மே மாசம் ஊரில் ஒரு வேலை காலியானது. கவுன்சிலின் பராமரிப்பு ஆள் கொன்ஸாகா, முப்பத்தொரு வருஷ வேலைக்குப் பிறகு, ஓய்வு பெறுகிறார். குளிர்காலத்தில் பனி தள்ளுகிற வண்டி ஓட்ட வேண்டும், கோடையில் தண்ணீர் பம்பைப் பார்க்க வேண்டும், நடுவில் கரையில் ஒதுங்குகிற செத்த கடல்நாயை அப்புறப்படுத்த வேண்டும். சம்பளம் ஆல்பர்ட்டாவில் பாதிகூட இல்லை. ஆனால் ராத்திரி சொந்தக் கட்டிலில் படுக்கலாம். இப்படி ஒரு வேலை இதற்கு முன் காலியானபோது பிரைட்டுக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. இதை விட்டால் இன்னொன்று வரும்போது ஃபான்ஸ் பல்செட்டோடு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

மனு போட்டவர்கள் இரண்டு பேர். ஃபான்ஸ், அவருடைய சித்தப்பா மகன் டெர்மட். டெர்மட்டுக்கு முப்பத்திநாலு வயசு. பக்கத்து ஊர் நண்டுத் தொழிற்சாலையில் வருஷத்துக்கு நாலு மாசம் வேலை, மீதி எட்டு மாசம் கூரை மேல், கார் அடியில் என்று கிடைத்த வேலை. அவன் பெண்டாட்டி நோரீனுக்கு ஏழாம் மாசம்.

நேர்காணல் ஜூன் மாசம் இரண்டாவது வியாழக்கிழமை சாயங்காலம், ஊர் ஹாலில்: டெர்மட்டுக்கு ஏழு மணி, ஃபான்ஸுக்கு ஏழரை. மேயர் கஸ் மலாய் நேரம் என்றால் உயிரை விடுகிற ஆள். ஒரு நிமிஷம் தாமதமாக வந்த பிஷப்பையே வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியவர் என்று பேச்சு. ஹாலில் மாட்டியிருக்கிற வட்டக் கடிகாரம் காட்டுவதுதான் கவுன்சிலின் நேரம் என்று விதிப் புத்தகத்தில் எழுதியே வைத்திருக்கிறார். தவிர எட்டு மணிக்கு அதே ஹாலில் பிங்கோ, கூப்பிடுகிற நம்பரை அட்டையில் அடிக்கிற ஆட்டம். பிங்கோவுக்கு நம்பர் கூப்பிடுவது பிரைட். எட்டைத் தாண்டினால் கவுன்சிலை நாற்காலியோடு தூக்கி வெளியே வைக்கக்கூடிய நாற்பது பெண்கள் ஊரில் இருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை ஷிஃப்ட் முடித்து, மெக்மரியில் ராத்திரி எட்டு மணி விமானம் ஏறினார் ஃபான்ஸ். புதன் மத்தியானம் வீடு. ஒரு நாளுக்கு மேல் மிச்சம். பரிசோதனை வரிசையில் டொராண்டோவில் அவசரப்படுத்தினார்கள். பெல்ட், செருப்பு, சாவி எல்லாவற்றையும் தட்டில் போட்டு எடுத்தவர் கைக்கடிகாரத்தை அந்தத் தட்டிலேயே விட்டுவிட்டார். ஞாபகம் வந்தபோது விமானம் ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் வெளுத்த பட்டை ஒன்றுதான் மிச்சம். போனால் போகிறது, இனிமேல் எதற்கு என்று நினைத்துக்கொண்டார்.

ஜூன் மாசம் எங்கள் கரையில் கேப்லின் மீன் ஒதுங்குகிற மாசம். மீன் வந்தால் மூடுபனியும் வரும். செயின்ட் ஜான்ஸ் நெருங்கியதும் விமானம் தாழ்ந்தது. சக்கரம் இறங்குகிற சத்தம் காலுக்கு அடியில் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே கழுவாத பால் டம்ளர் மாதிரி ஒரு வெளுப்பு. திடீரென்று எஞ்சின் உறும, மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. வெளியூர்க்காரர்கள் கைப்பிடியைப் பிடித்தார்கள். ஊர்க்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள். விமானம் தெற்கே திரும்பி வட்டமடித்தது. இறக்கை சாய்கிற சாய்வை வைத்தே ஃபான்ஸுக்குத் தெரிந்தது, இப்போது கீழே ஃபாலோ கோவ், கீழே தேவாலயம், கீழே அவர் வீட்டுச் சமையலறை. மெக்மரிக்கும் வீட்டுக்கும் நடுவே இவ்வளவு குறைச்சலான தூரத்தில் அவர் இதற்கு முன் மாட்டிக்கொண்டதே இல்லை. பின் இருக்கைக்காரர் ஒரு கயிறு மட்டும் இருந்தால் இங்கேயே இறங்கிவிடுவேன் என்றார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் தடவையும் முடியவில்லை. விமானி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எல்லோரையும் ஹாலிஃபாக்ஸுக்குக் கொண்டுபோய் இறக்கினார்.

பிரைட்டுக்குப் போன் போட்டார்.

"உன் சத்தம் கேட்டுச்சு" என்றார் பிரைட். "நேரா தலைக்கு மேல. சரி வந்துட்டான்னு டீக்குத் தண்ணி வெச்சேன். சத்தம் திரும்பிப் போச்சு. அணைச்சுட்டேன்."

அன்று சாயங்காலம் மறுபடி ஏற்றினார்கள். மறுபடி அதே வெளுப்பு, அதே உறுமல், அதே வட்டம். மறுபடி ஹாலிஃபாக்ஸ். பிரைட் இந்த முறை கெட்டிலைத் தொடவே இல்லையாம்.

ஹாலிஃபாக்ஸிலிருந்து செயின்ட் ஜான்ஸுக்கு விமானத்தில் ஒரு மணி முப்பத்தாறு நிமிஷம். அந்த விமான தூரப் பக்கமே சொல்கிறது; ஃபான்ஸ் வேறு வேலையில்லாமல் பார்த்தார். பஸ் பிடித்து, கப்பல் ஏறி, ராத்திரி முழுக்கக் கடலில் போய், அந்தப் பக்கம் இறங்கித் தீவைக் குறுக்கே கடந்தால் இரண்டு நாள். வியாழன் ஏழரை அதற்குள் போய்விடும். ஆக, உட்கார்ந்திருப்பதைத் தவிர வழியில்லை. ஊர் தெரிகிற தூரத்தில் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது.

வியாழன் காலை பலகையில் எல்லா வரியும் சிவப்பு. நிலையம் முழுக்கப் படுத்துக்கிடந்த ஜனம். சுவரில் இருந்த ஒவ்வொரு மின்சாரத் துளையிலும் யாருடைய போனோ தொங்கிக்கொண்டிருந்தது. ஃபான்ஸின் சார்ஜர் பெட்டிக்குள், பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள். போனில் பதினொரு சதவீதம்.

புறப்பாட்டுக் கூடத்தில் மீன் கடை ஒன்று, அதில் உயிரோடு லாப்ஸ்டர் என்கிற கடல்நண்டு விற்கிற கண்ணாடித் தொட்டி. ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியில் போட்டு எடுத்துப் போவார்கள். இடுக்கிகளில் ரப்பர் வளையம் மாட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக இருபது முப்பது. ஃபான்ஸ் அதற்கு எதிர் பெஞ்சில் இடம் பிடித்தார். அதில் ஒன்று, ஒரு மீசை மட்டும் நீளமாக, மற்றவற்றின் முதுகில் ஏறி ஏறி மேல் விளிம்பைத் தொட்டுப் பார்த்து விழுந்துகொண்டிருந்தது. அதற்கு டெர்மட் என்று பெயர் வைத்தார். முழுக்க அன்பினால் என்று சொல்ல முடியாது.

மத்தியானம் பிரைட்டைக் கூப்பிட்டார். மேயரிடம் பேசியாயிற்று என்றார் பிரைட். நேரில் வர வேண்டும் என்பதுதான் விதி, ஆனால் மூடுபனியை யாரும் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கே தம்பி ஒருவன் மேற்கே இருக்கிறான். அதனால் போனில் பேசலாம். கவுன்சில் குமாஸ்தா கெர்ட்டி போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைப்பாள். ஆனால் ஏழரை என்றால் ஏழரை. அடித்தால் எடுப்பார்கள், அடிக்காவிட்டால் பெயரை அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

"கைக்கடிகாரத்தை வேற டொராண்டோல தொலைச்சுட்டேன்" என்றார் ஃபான்ஸ். "பரவாயில்ல, இங்க பெரிய கடிகாரம் இருக்கு. இப்போ பன்னிரண்டே கால். இன்னும் ஏழேகால் மணி நேரம். போனை அணைச்சு வெக்கிறேன், இல்லன்னா அதுவரைக்கும் தாங்காது."

பிரைட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஃபான்ஸ் அணைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஏழேகால் மணி நேரம் அவர் அந்த பெஞ்சை விட்டு எழுந்தது இரண்டே தடவை. என்ன கேட்பார்கள், என்ன சொல்வது என்று நண்டு டெர்மட்டிடம் ஒத்திகை பார்த்தார். பதினாலு வருஷத்தில் சொன்ன பொய்களை நினைத்துப் பார்த்தார். வருகிறேன் என்றது, வந்துகொண்டே இருக்கிறேன் என்றது, இதோ வந்துவிட்டேன் என்றது. எதுவும் வேண்டுமென்றே சொன்னதில்லை. கேட்டவர்களுக்கு அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை. வேலை கிடைக்காவிட்டால் அடுத்த வாரம் இதே மாதிரி ஒரு நிலையத்தில் மறுபக்கமாக உட்கார்ந்திருப்பார். வயசு ஐம்பத்திரண்டு. இன்னும் பதிமூன்று வருஷம். அவர் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

சுவர்க் கடிகாரம் ஏழு இருபத்தொன்பது காட்டியபோது போனை உயிர்ப்பித்தார். ஒன்பது சதவீதம். முள் ஏழரையைத் தொட்டதும் எண்ணைத் தட்டினார்.

முதல் மணி அடித்ததுமே எடுத்தார்கள். கெர்ட்டியின் குரல், கொஞ்சம் மூச்சு வாங்கினாற்போல, பேசு ஃபான்ஸ், எல்லாரும் இருக்கிறார்கள் என்றது. பின்னால் நாற்காலிகள் இழுபட்டன. யாரோ இருமலை அடக்கினார்கள், அல்லது வேறு எதையோ அடக்கினார்கள்.

மேயர் தொண்டையைச் செருமினார். "ஹால் கடிகாரப்படி மணி சரியா ஏழரை. குறிச்சுக்கோ கெர்ட்டி. உக்காரு ஃபான்ஸ்."

"ரெண்டு நாளா உக்காந்துதான் இருக்கேன், கஸ்."

பம்பைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னார். குளோரின் அளவு கேட்டார்கள், தெரியாது, கற்றுக்கொள்கிறேன் என்றார். கனரக லைசென்ஸ் இருக்கிறதா, இருக்கிறது. நடுவில் கதவை யாரோ திம் திம் என்று இடித்தார்கள், வெளியே பெண்கள் கூட்டம் சலசலத்தது. பிங்கோக்காரர்கள் இன்றைக்கு என்ன இவ்வளவு சீக்கிரம் என்று ஃபான்ஸ் ஒரு வினாடி நினைத்தார். உள்ளேயிருந்து பிரைட்டின் குரல், பனி ஒன்றும் உங்களைக் கடித்துத் தின்றுவிடாது, நில்லுங்கள் என்று அதட்டியது.

கடைசிக் கேள்வியை மேயர் தானே கேட்டார். "ஜனவரி மாசம். விடிகாலை நாலு மணி. பனி கொட்ட ஆரம்பிச்சிருச்சு, ஆம்புலன்ஸ் வரணும், ரோடு இல்ல. நான் உன்னைக் கூப்பிடறேன். பனி வண்டி நிக்கற ஷெட்டுக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?"

ஃபான்ஸ் தொட்டியைப் பார்த்தார். நண்டு டெர்மட் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

"கஸ், பதினாலு வருஷமா இந்தக் கேள்விக்கு நான் பொய் சொல்லிக்கிட்டிருக்கேன். பொண்டாட்டிகிட்ட, பொண்ணுகிட்ட, எங்கம்மாகிட்ட. வந்துருவேன் வந்துருவேன்னு. இதுக்கு மட்டும் எனக்கு நிஜமான பதில் தெரியும். எங்க வாசல்ல இருந்து ஷெட் கதவுக்கு எழுநூறு மீட்டர். நடந்தா ஏழு நிமிஷம். மூடுபனியா இருந்தாலும் ஏழு நிமிஷம்தான்."

போன் செத்துவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தார். நாலு சதவீதம்.

"அஞ்சு நிமிஷம் வெளியில இரு" என்றார் மேயர், பழக்க தோஷத்தில். பிறகு யோசித்து, "நீ வெளியிலதான் இருக்கே" என்று வைத்துவிட்டார்.

ஏழு நாற்பத்தெட்டுக்கு பிரைட் கூப்பிட்டார்.

"மூணுக்கு ரெண்டு" என்றார். "உனக்கு மூணு. திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஷெட்ல இருக்கணும்."

ஃபான்ஸ் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைக்காரப் பெண் இவரைப் பார்த்துவிட்டு மரியாதையாக நண்டுகள் பக்கம் திரும்பினாள்.

"மணி என்ன ஃபான்ஸு?" என்றார் பிரைட்.

"ஏழு நாப்பத்தெட்டு."

"எங்க?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வெளுத்த மணிக்கட்டைப் பார்த்தார். ஹாலிஃபாக்ஸ் மணி. ஊரில் எட்டு பதினெட்டு. மூன்றரை மணி நேரத்தைப் பதினாலு வருஷம் மறக்காதவர், வீட்டு வாசலுக்கு வந்து அரை மணியை மறந்துவிட்டார்.

"அப்போ எப்படி..." என்றார். போன் செத்துப்போனது.

சனிக்கிழமை மத்தியானம்தான் விமானம் இறங்கியது. செவ்வாய் ராத்திரி மெக்மரியிலிருந்து வீட்டு வாசல் வரை, எல்லாம் சேர்த்து எண்பத்தேழு மணி நேரம். பழைய சாதனையை இருபத்தாறு மணியில் முறியடித்தார். அழைத்துப் போக லாரியோடு வந்தது டெர்மட், நிஜ டெர்மட். பிரைட்டின் கார் பிரேக் சரியில்லையாம். அவன் கையில் ஒரு கேப்லின் வாளி, முகத்தில் ஒன்றுமில்லை.

லாரி பாதி வழியைத் தாண்டியது. கடைசியில் ஃபான்ஸ் கேட்டார், அன்றைக்கு ஹால் கடிகாரம் எப்படி ஏழரை காட்டியது என்று.

டெர்மட் கியரை மாற்றினான். பிரைட் ஏழேகாலுக்கு இவர் போனை மூன்று தடவை முயற்சி செய்தாராம், அணைந்து கிடந்ததாம். மேயரும் கவுன்சிலர்களும் சமையல் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஹாலில் பிரைட்டும், தன் முறை முடிந்து நின்ற டெர்மட்டும் மட்டும். பிரைட் பிங்கோ பலகை மாட்டுகிற ஏணியைக் கடிகாரத்துக்குக் கீழே நகர்த்தினார்.

"நீ பாத்துக்கிட்டா இருந்தே?"

"பாத்துக்கிட்டிருந்தா உன் பொண்டாட்டி விழுந்திருப்பா. அந்த ஏணிக்கு ஒரு கால் ஆட்டம். நான்தான் பிடிச்சேன்."

பிரைட் முள்ளை அரை மணி பின்னால் தள்ளினாராம். நிஜமான ஏழரைக்கு மேயர் பிஸ்கட்டோடு வெளியே வந்து, சுவரைப் பார்த்தார். ஏழு. தன் கையைப் பார்த்தார். ஏழரை. பிரைட்டைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, இன்னொரு கோப்பை டீக்கு நேரமிருக்கிறது என்று திரும்பி உள்ளே போனார். எட்டு மணிக்கு வந்த நாற்பது பெண்களும் மூடுபனியில் இருபது நிமிஷம் நின்றார்கள், எதற்கு என்று தெரிந்தே. கதவை இடித்தது மட்டும் குளிருக்காக.

"ஏண்டா?" என்றார் ஃபான்ஸ். "நீ பேசாம இருந்திருந்தா வேலை உனக்கு."

"ஆமா. அப்புறம் மூடுபனி புண்ணியத்துல ஜெயிச்சவன்னு எனக்குப் பேர் வெச்சிருப்பாங்க. செத்தாலும் போகாது." டெர்மட் ஜன்னலை இறக்கி வெளியே துப்பினான். "நீ தோக்கறதை என் கண்ணால பாக்கணும்னு நெனச்சேன். நீ என்னடான்னா அந்த ஏழு நிமிஷக் கதையைச் சொல்லி எல்லாரையும் அழ வெச்சுட்டே. கெர்ட்டி மூக்குச் சிந்தினது குறிப்புல ஏறியிருக்கு."

வீட்டில் கெட்டில் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. விமானச் சத்தம் கேட்டு, அது திரும்பிப் போகாததைக் கேட்டு வைத்தது. நோரீனும் வந்து சமையலறை மேஜையில் வயிற்றுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். பிரைட் ஃபான்ஸின் தோளில் ஈரத்துணியால் ஒரு அடி போட்டார். வரவேற்பு அவ்வளவுதான். டின் பாலை ஊற்றி நாலு டீ வைத்தார். ரொட்டி சூடாக இருந்தது.

டெர்மட் டீயைக் குடிக்கவில்லை. கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். "சாரம் கட்டறவங்க ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டாங்க" என்றான் கடைசியில். "உன் இடம் காலியாகுதாமே. அடுத்த மாசம் பதினாறாம் தேதி டிக்கெட். கேம்ப்ல உன் ரூமேதான்."

ஃபான்ஸ் கத்தியை ரொட்டியில் வைத்தபடி நிறுத்தினார். அந்த அறையின் மூலை மூலையும் தெரியும் அவருக்கு. திறக்காத ஜன்னல், கொட்டாவி கேட்கிற சுவர். அதிலிருந்து அவர் ஒருவர் வெளியே வந்தார், கதவு சாத்துவதற்குள் இன்னொருவனை உள்ளே விட்டிருக்கிறார்கள். குழந்தை பிறக்கப்போவது ஆகஸ்டில். டெர்மட்டின் முதல் இருபது நாள் ஆகஸ்டில் போய்த்தான் முடியும்.

"பக்கத்து ரூம்காரன் குறட்டை விடுவான்" என்றார் ஃபான்ஸ். "செவுத்துல தட்டினா நிறுத்திடுவான். நல்ல பையன்."

டெர்மட் தலையாட்டினான். பிறகு ஃப்ரிட்ஜைக் காட்டினான். "அந்தத் தாளு உனக்கு இனிமே வேண்டாம்தானே?"

ஃபான்ஸ் எழுந்து போய் மீன் காந்தத்தை விலக்கினார். தாள் மஞ்சளாகி, ஓரத்தில் எண்ணெய் ஏறி, எண்கள் மட்டும் அழியாமல் இருந்தன. டெர்மட் அதை வாங்கி நோரீனுக்கு முன்னால் மேஜையில் விரித்தான். அவள் விரல் வைத்துப் படித்தாள்.

"அஞ்சு மணி இருபத்தெட்டு நிமிஷம்" என்றாள். நிமிர்ந்து ஃபான்ஸைப் பார்த்தாள். "நெஜமாவா ஃபான்ஸண்ணே? கூப்பிட்டா இவ்வளவுதான் ஆகுமா?"

பிரைட் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். டெர்மட் தரையைப் பார்த்தான். எண்பத்தேழு மணி நேரம் உடுத்தியிருந்த சட்டையோடு ஃபான்ஸ் அவள் எதிரில் உட்கார்ந்தார். ரொட்டியின் நடுத்துண்டை வெட்டி, வெண்ணெய் தடவி, அவள் தட்டில் வைத்தார்.

"அவ்வளவுதான்" என்றார். "நீ மாவு பிசைஞ்சு ரொட்டி சுட்டு எடுக்கறதுக்குள்ள வந்து நிப்பான்."

திங்கட்கிழமை காலை பிரைட் சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஃபான்ஸை அனுப்பினார். ஷெட்டிலிருந்து போன் வந்தபோது ஒன்பது நிமிஷம் ஆகியிருந்தது. வழியில் கொன்ஸாகாவின் நாயோடு வாக்குவாதம் என்றார். ஊர் அந்த நாயைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து ஃபான்ஸுக்கு ஏழு நிமிஷம் என்றுதான் பெயர். அஞ்சு இருபத்தெட்டு என்று கூப்பிட்டால் இப்போது டெர்மட் திரும்பிப் பார்க்கிறான்.